இழுத்துக் கட்டிய குழல்

ஆர்மண்ட் ஜெர்வே, பார்ட்டன் என்ற சிற்றூரில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். வேலை பார்த்த காகித ஆலை மூடிய பிறகு, மனைவி வீட்டார் விட்டுக்கொடுத்த மாட்டுக் கொட்டகையில் இரும்பு கடையும் லேத் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். பேச்சு குறைவு. மனைவியின் அண்ணன் மகன் ரெமி வந்தால்தான் கொட்டகையில் சத்தம் கேட்கும்.

ரெமியிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. அதை வாங்கச் சொன்னதே ஆர்மண்ட்தான். சாதாரண ரிவால்வரில் குழல் ஒரே இரும்பு. அதைத் துப்பாக்கியின் உடலில் திருகி முடுக்கும்போது மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ, நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறி சாய்ந்துவிடும். இதில் குழல் இரண்டு துண்டு. வெளியே உறை, அது உடலின் பள்ளத்தில் நேராக உட்கார்ந்துகொள்ளும். உள்ளே மெல்லிய குழல். அதை உறைக்குள் விட்டு முடுக்கினால் குழல்வாயின் விளிம்பு உறையை அழுத்த, குழல் கிதார்த் தந்தி போல இழுபட்டு நிற்கும். குறி தப்பாது.

"மாமா, உங்க பழைய ரிவால்வர்ல முன்குறி உங்க மூக்கு மாதிரியே இடப்பக்கம் சாஞ்சிருக்கு" என்பான் ரெமி.

"மூக்கு சாஞ்சது உங்க அத்தை கதவைச் சாத்தினதுல. அதை வச்சு என்னைச் சொல்லாதே."

மார்ச் மாதத்தில், உறைந்த ஏரிமேல் போகையில் பனிக்கட்டி உடைந்து ரெமியின் பனிவண்டி மூழ்கியது. பனிக்கட்டி அந்த வருஷம் மெலிவு. அவன் உடல் மறுநாள் கிடைத்தது. வண்டியை மே மாதம்தான் தூக்கினார்கள். அதன் பெட்டியில் ரிவால்வர் இருந்தது.

ரெமியின் அப்பா ஒவிலா அதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். அக்டோபரில் கொட்டகைக்கு வந்து மேசைமேல் வைத்தபோது அது புதிது போல மின்னியது.

"மச்சான், இந்த வருஷம் மான் வேட்டைக்கு இதைத்தான் இடுப்புல கட்டிட்டுப் போகப்போறேன். ஒரு தடவை பாத்துக் குடு."

ஆர்மண்ட் குழலின் வாயை விளக்கடியில் திருப்பினார். உள்குழலும் உறையும் சேரும் கோட்டில் துரு பழுப்பாகக் கசிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏரித் தண்ணீர் புகுந்து தங்கிவிட்டது. ஒவிலாவின் எண்ணெய் அங்கே போகவேயில்லை.

"சுடக்கூடாது. பிரிச்சுத்தான் பாக்கணும்."

"பிரி."

"ஒரே குழலா இருந்தா வெளியே பிடிச்சுத் திருகிடலாம். இதுல உள்ளேருந்து பிடிக்கணும். அதுக்கான திருகு சாவியைக் கம்பெனி வெளியே குடுக்கறதில்லை. அங்க அனுப்பினா, இதை வச்சுக்கிட்டு வேற ஒண்ணு அனுப்புவாங்க."

"வேற ஒண்ணை வச்சு நான் என்ன பண்ண?"

"உறையை லேத்துல வெட்டி எடுக்கலாம். குழல் வெளியே வந்துடும்."

உறையில் ரெமி தன் பெயரின் முதலெழுத்தைக் கோணலாகக் கீறி வைத்திருந்தான். ஒவிலா அதைக் கட்டைவிரலால் மூடினார்.

"வெட்டக் கூடாது."

ஆர்மண்ட் தானே பித்தளையில் ஒரு திருகு சாவி கடைந்தார். குழலுக்குள் தோட்டாவைச் சுழற்ற இருக்கும் முறுக்கு வரிகளில் அது கச்சிதமாகப் பொருந்தியது. துரு இளக எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், காத்திருந்தார். பிறகு திருகினார். அசைந்தது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கையில் பிடிமானம் சட்டென்று விட்டுப்போனது. கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். மெல்லிய குழல், இத்தனை வருஷம் இழுபட்டு நின்றது, துரு அரித்த இடத்தில் உடலை ஒட்டி முறிந்திருந்தது. குழலின் மரை பாதி உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஒவிலா வந்தார். மேசைமேல் இரண்டு துண்டு கிடந்ததைப் பார்த்தார்.

"எப்ப மாட்டுவே?"

"மாட்ட முடியாது, மச்சான். முறிஞ்சுபோச்சு."

ஒவிலா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெட்டியிருந்தா?"

"பிழைச்சிருக்கலாம்."

"ஏன் வெட்டலை?"

"நீதானே வேண்டாம்னே."

"சொன்னேன். ரெமியை அன்னிக்கு ஏரிக்குப் போடான்னு சொன்னதும் நான்தான். நான் சொல்றதையெல்லாம் ஏன்டா எல்லாரும் கேக்கறீங்க?"

ஆர்மண்ட் அதுவரை அதைக் கேள்விப்பட்டதில்லை.

ஒவிலா ஒரு கையில் துப்பாக்கியின் உடலையும் மறு கையில் குழலையும் எடுத்து, முறிவோடு முறிவைச் சேர்த்தார். சேர்த்துப் பிடித்தபோது பிளவு தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆர்மண்ட் கதவைத் திறந்துவிட்டார். தன் வண்டியருகே ஒவிலா நின்றுவிட்டார். வண்டிச் சாவி சட்டைப்பையில் இருந்தது. எடுக்கக் கை இல்லை.

"குடு, நான் வச்சிருக்கேன்" என்றார் ஆர்மண்ட்.

ஒவிலா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

ஆர்மண்ட் அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, அவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றி, வண்டியை மெதுவாக ஓட்டினார். சாலை மேடுபள்ளமாக இருந்தது.