கடைசி அலசல் தண்ணீர்

செவிலிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் ஓர் இளம்பெண் ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறாள். நேற்றுக் காலை வாஷிங் மெஷின் குழாயை அப்படியே தொட்டிக்குள் விடப் போனாள். "லாஸ்ட் ரின்ஸ்தான் அங்கிள், வேஸ்டா போகுது" என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, பயந்துவிட்டாள்.

சமாதானமாக, எனக்குத் தெரிந்த சிக்கன வழிகளை ஒப்பித்தேன். கோடை இன்னும் முடியவில்லை, உங்களுக்கும் சொல்கிறேன். வெயில் ஏறுமுன் தண்ணீர் விடுங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மண்மேல் தேங்காய் நாரைப் பரப்பினால் ஈரம் நிற்கும். கிழிந்த வேட்டியை மேலே கட்டினால் நிழலாகும். பச்சை வலை வாங்க வேண்டியதில்லை. தொட்டிகளுக்குப் பெயரெழுதி ஒட்டுவது என் தனிப் பைத்தியம், அதை விட்டுவிடலாம்.

சோப்புத் தண்ணீரின் அந்த வாடைதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்ன காஞ்சிபுரத்தில் கோமளா அக்கா வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். அவர் கணவர் ஏகாம்பரம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சாயம் பிடிக்க நூலின் பசை போகவேண்டும். அதற்காகச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுவார். அந்த வாடை என் சட்டைவரை வந்துவிடும். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று அவள் கொண்டுவந்து நட்ட மல்லிகை கொல்லையில் இருந்தது. அந்தக் கோடையில் கிணறு வற்றியது. குழாயில் வந்தால் உண்டு. அக்கா தன் குளியலைக் குறைத்துக்கொண்டு அந்தச் செடிக்கு ஊற்றினார்.

"செடிக்கு அபிஷேகம் ஆச்சா? எனக்கு ஒரு சொம்பு கெடைக்குமாம்மா?" என்பார் ஏகாம்பரம்.

"நீ என்னா பூக்கவா போறே?" என்பார் அக்கா.

ஒருநாள் காலை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. வேரைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா அதில் ஈரமாக ஒரு துளி எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. அப்போதுதான் ஏகாம்பரம் வாளியோடு வந்தார்.

"நீயா ஊத்திக்கினு இருந்தே?"

"நான்தான். கடைசி அலசல் தண்ணிம்மா, கண்ணாடி மாதிரி இருக்குது பாரு. நீ குளிக்காம கெடக்கறே, அதான்."

மற்ற வருஷங்களில் அது சரி. சாயம் போடுகிற வீடுகளில் கடைசி அலசல் தண்ணீரில்தான் கனகாம்பரம் பூத்தது. ஆனால் அந்த வருஷம் தண்ணீரை மிச்சம் பிடிக்க அவர் அலசல்களையே குறைத்திருந்தார். கடைசி என்று ஊற்றியதில் சோடா இருந்தது. செடி வாட வாட, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றியிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"இனிமே நான் பாத்துக்கறேன், நீ ஊத்தாத" என்றார் கணவரிடம்.

"ஏன், நான் ஊத்தினா குடிக்காதா? எனக்கும் அவ பொண்ணுதானே."

அக்கா வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகச் சாய்த்து ஊற்றினார்கள்.

அவர் உள்ளே போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "வேரு வெந்துடுச்சி சார். இனி எத ஊத்தினாலும் ஒண்ணுதான். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

ஆடி பிறக்குமுன் செடி குச்சியாகிவிட்டது. வெயில், வெயில் என்று ஏகாம்பரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் சேர்ந்து வெயிலைத் திட்டினார்.

இப்போது அந்தக் கொல்லைக்குச் சிமெண்ட் போட்டு யாரோ கார் நிறுத்துகிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். அக்காதான் முதலில் போனார். அதன்பின் ஒருமுறை வரதர் கோயில் வாசலில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். வேறெதுவும் விசாரிக்காமல், "ரெண்டு பேரும் ஊத்தினோம் சார். அப்படியும் நிக்கலியே" என்றார்.

"அந்த வருஷத்து வெயில் அப்படிங்க" என்றேன்.

இப்போது அவரும் இல்லை.