வாப்பா பின்னால் வந்தார்

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. எங்கள் ஊர் சாய்ந்தமருது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தர வகுப்பில் கலைப்பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். உம்மா பள்ளிக்கூடமே போகாதவர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான்தான். என்னைப் பற்றி எங்கே எழுத வந்தாலும் இதை முதலில் எழுதிவிடுவேன்.

வாப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்துக்கும் கல்முனையில் நடக்கும் ரியூஷனுக்கும் நான் போய்வந்தது அந்த ஆட்டோவில்தான். இறக்கிவிட்டு வாடகை ஓட்டத்துக்கு, ஹயருக்குப் போகிற ஆள் இல்லை அவர். வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நிற்பார். வருகிற ஹயரை வேறு ஆட்டோவுக்குக் கைகாட்டிவிடுவார். இடைக்கிடை ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்.

"ஒனக்குச் சொந்தமா ஒரு வோச்சர் இரிக்கார்கா" என்று, வாப்பாவைக் காவல்காரராக்கி, கூட்டாளிப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

வாப்பா அப்படி ஆனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். கூடப்பிறந்த அண்ணனாக எனக்கு ஒரே ஒரு காக்கா இருந்தார், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பாண் வாங்கச் சைக்கிளில் போனவர் மெயின் வீதியில் நெல் லொறி ஒன்றில் அடிபட்டு மௌத்தானார். கடைக்கு அனுப்பியது வாப்பா. அதைப் பற்றி அவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரையும் கடைக்கு அனுப்புவதில்லை. உப்பு முடிந்தாலும் அவரே போவார். சைக்கிளில் ஏறுவதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

என் கூட்டாளிகள் மூன்று பேரும் ரியூஷனுக்குச் சைக்கிளில் வருவார்கள். வகுப்பு முடிந்ததும் கடற்கரை வீதியால் திரும்புவார்கள். வழியில் மாங்காய் அச்சாறு வாங்கி, மணலில் இருந்து சாப்பிட்டுவிட்டு, கதைத்துக் கதைத்து வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வகுப்பில் முந்தைய நாள் நடந்ததை ஒருத்தி தொடங்குவாள், மற்ற இருவரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எல்லோரும் நுவரெலியா போன நாளில் நான் வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாப்பாவிடம் கேட்டால் ஏசமாட்டார். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போய்விடும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடக் கேட்காமல் இருப்பது எனக்கு லேசாக இருந்தது.

அப்போதுதான் பெற்றோல் இல்லாமல் போனது. வாப்பாவின் ஆட்டோ, பெற்றோல் அடிக்கிற செட்டுக்கு வெளியே நீண்ட வரிசையில் போய் நின்றுவிட்டது. எண்ணெய் ஏற்றி வருகிற பவுசர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாப்பா சாப்பிடுவதும் படுப்பதும் ஆட்டோவுக்குள்தான்.

"பெற்றோல் கிடைச்சா நான் கொண்டு உடுவன். அதுவரைக்கும் ஊட்டுல இருந்து படி" என்றுவிட்டார்.

வகுப்புகளோ நிற்கவில்லை. ஆசிரியர்களே சைக்கிளில் வந்து படிப்பித்த காலம் அது. கூட்டாளிகள் கொப்பிகளைப் படமெடுத்து போனில் அனுப்புவார்கள். வரலாற்றை அப்படிப் படிக்கலாம். தர்க்கப் பாடமான அளவையியலைப் படத்தில் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. பரீட்சை நெருங்க நெருங்க, தவறிய பாடங்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் தொடாத ஒரு வாசல்வரை வந்துவிட்டு, பெற்றோல் இல்லாததால் திரும்பிப் போவதா என்று இருந்தது.

ஒரு நாள் நானும் உம்மாவும் வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டு போயிருந்தோம். அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற நேரம், கூட்டாளிகள் மூன்று பேரும் சைக்கிளில் வந்து நின்றார்கள். ஒருத்தி தன் சைக்கிளை ஓடிக்கொண்டே ஒரு கையால் இன்னொரு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அது அவளுக்கு மூத்தவளான ராத்தாவுடையது. அவர்கள் வரப்போவது எனக்கே தெரியாது.

"மாமா, இவளக் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திரிக்கம்" என்றாள் அவள். எங்களுக்குள் வாய்க்காரி அவள்தான்.

வாப்பா பார்சலை மூடி வைத்தார். "பெற்றோல் வரட்டும் மகள். நானே கொண்டு வாறன்."

முன் ஆட்டோவில் சாய்ந்து படுத்திருந்தவர் எழும்பிப் பார்த்தார். "மச்சான், பெற்றோல் வாறத்துக்குள்ள ஒண்ட புள்ளைக்கு மாப்பிள்ள வந்திரும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

"என்ட ஊட்டால ஒரு சைக்கிள் போன. அது திரும்பி வரல்ல" என்றார்.

பகிடி விட்டவர் கீழே பார்த்தார். வாய்க்காரி மட்டும் விடவில்லை. "தெரியும் மாமா. அதாலதான் நாங்க மெயின் றோட்டால போற இல்ல. கடற்கரை றோட்டாலதான். இவள நடுவுல உட்டுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் நாங்க போவம்."

வாப்பாவின் முகம் அந்த மாதிரிப் போகத் தொடங்கியது. வழக்கமாக நான் அதோடு நிறுத்திவிடுவேன். அன்று நிறுத்தவில்லை.

"வாப்பா, பெற்றோல் எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியா. எனக்கு எத்தின பாடம் உட்டுப் போச்செண்டு எனக்குத் தெரியும். நான் போகணும். பயமா இரிந்தா நீங்களும் பின்னால வாங்க."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. உம்மா என் பக்கம் பார்க்காமல், "போக உடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வாப்பா வரிசையின் முன்னும் பின்னும் பார்த்தார். "நான் போனா ஆட்டோ?"

"நாங்க தள்ளுவம். நீ தொழப் போக்குள்ள ஆரு தள்ளின?" என்றார் முன் ஆட்டோக்காரர். வரிசையின் வழக்கம் அது. தொழவோ சாப்பிடவோ போனவரின் வண்டியை முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் தள்ளி வைப்பார்கள். அவர் அதோடு விடாமல், மதிலோடு சாத்தியிருந்த தன் பழைய சைக்கிளை உருட்டி வந்து வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, "பிஸ்மில்லாஹ்" என்று ஏறினார்.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். சின்ன வயதில் காக்கா பழக்கியது. வாய்க்காரி என் அபாயாவின் ஓரத்தைச் சுருட்டி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் கவ்வவைத்தாள். செயினுக்குள் துணி போகாமலிருக்க அவர்கள் எல்லோரும் செய்வது அது. முதலில் தடுமாறினேன். கடற்கரை வீதிக்கு வந்ததும் கால் பழகிவிட்டது. வலப்பக்கம் கடல், முகத்தில் உப்புக் காற்று, முன்னும் பின்னும் கூட்டாளிகள்.

எல்லோருக்கும் பின்னால் வாப்பா.

"ஓரத்தால போ." "பெல்ல அடி." "கதைக்காம முன்னுக்குப் பாத்துப் போ."

"அம்புலன்ஸ் மாதிரி வாறார்கா" என்று ஒருத்தி மெல்லச் சொல்ல, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். இந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

திடீரென்று பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாப்பா நடுவீதியில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றார். அவருடைய சாரன் செயினுக்குள் சிக்கியிருந்தது. இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் சாரனையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். ஒருத்தி வீதியில் முன்னால் போய்க் கையை உயர்த்தி, மீன் ஏற்றி வந்த சின்ன லொறி ஒன்றை நிறுத்தினாள். இன்னொருத்தி சைக்கிளைத் தாங்கினாள். வாய்க்காரி மிதியைப் பின்பக்கமாகச் சுற்ற, நான் சாரனை இழுத்தேன். கிறீஸ் பட்டு, ஓரம் கிழிந்து வெளியே வந்தது. அவள் தன் அபாயாவிலிருந்த கிளிப்பைக் கழற்றி வாப்பாவின் சாரனில் மாட்டினாள்.

"எங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு வந்த நீங்க, கிளிப் போட மறந்திட்டீங்களே மாமா."

வாப்பா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். காக்கா மௌத்தானதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவருடைய கண் எங்களைத் தாண்டி, இன்னமும் லொறிக்காரருக்குக் கையை இறக்காமல் வீதியில் நின்ற பிள்ளையிடம் போய் நின்றது. அவளை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, கிளாசுக்கு நேரம் போகுது. நீங்க போங்க" என்றார்.

"நீங்க வரல்லயா வாப்பா?"

"நான் இதில நிண்டு பாக்கன். போ மகள்."

நாங்கள் போனோம். பின்னால் எந்தக் குரலும் வரவில்லை. வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். வாசலில் ஆட்டோ இல்லை, வாப்பாவும் இல்லை. எத்தனையோ நாள் ஆசைப்பட்ட காட்சி. ஆனாலும் ஒரு நிமிடம் வீதியின் இரண்டு பக்கமும் அவரைத் தேடிப் பார்த்தேன். பிறகு கூட்டாளிகளோடு மணலில் இருந்து அச்சாறு சாப்பிட்டேன். உறைப்பில் கண்ணீர் வந்தது. அப்படி ஒன்றும் பெரிய ருசி இல்லை. ஆனால் நடந்த கதைகள் எல்லாவற்றுக்குள்ளும் நானும் இருந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் செட்டடிக்குப் போனேன். வாப்பா வீதி ஓரத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக ஆட்டோவுக்குள் போய்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். முன் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "வந்த நேரத்திலிரிந்து றோட்டுலதான் நிண்ட, மகள், ஒங்கட வாப்பா. பவுசர் வந்திரிந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிரிக்காது" என்றார்.

பெற்றோல் பிறகு தாராளமாக வந்தது. இனிப் பழையபடி ஆட்டோதான் என்று நினைத்தேன். வாப்பா எனக்கு ஒரு சைக்கிளை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார். "ஒண்ட கூட்டாளிமார் நல்லாப் பாத்துக்கிறாங்க. நான் ஹயரப் பாக்கன்" என்றார்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். விடுதியில் இருக்கிறேன். பின்னேரமானால் வாப்பாவின் அழைப்பு வரும். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். நான் பேசத் தொடங்கும்வரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். அவருக்குப் பயம் போகவில்லை, போகவும் போகாது. படித்தவள் என்ற பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆனால் அந்தப் பயம் முழுவதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் "போ மகள்" என்று சொல்கிற ஒரு மனிதரின் பிள்ளை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பெருமை.