கண்ணாடிப் பெட்டியை மூடியவன் நான்தான்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதைப் போன் எழுதிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டு முத்துமாரி, உப்புத் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கிக் குடிதண்ணீர் எடுக்க மாடியில் கண்ணாடிப் பெட்டி வைத்தாள். அரை டம்ளர்கூட இறங்கவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றும் தட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாள், கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள்.

இன்று காலை, "எனக்குப் புத்தி இம்புட்டுத்தான் பெரியப்பா, இனிக் கேன் தண்ணிதான்" என்று பெட்டியைப் பிரிக்கப் போனாள்.

குறுகிப்போய்ச் சொன்னேன்: "தினமும் நீ வேலைக்குப் போனதும் சாக்கைப் போட்டு மூடினது நான்தான் தாயி. வெடிச்சிருமோன்னு பயம்."

பட்டாசு கம்பெனியில் நாற்பது வருசம், உச்சிவெயிலில் காயும் வெடிமருந்தை ஓடிப்போய் மூடிய கை இது.

"தண்ணி வெடிக்கும்னு யார் சொன்னாக பெரியப்பா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டிக்கு என்னையே காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மணி பன்னிரண்டு. கண்ணாடி கொதிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டாசு வேலை பார்த்தவர்களே, உங்களால் இப்படி மூடாமல் இருக்க முடியுமா? சொல்லுங்கள்.