நாலு நியூட்ரானோடு கரியாலூர் போன கதை

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவியில் குளிக்கப் போவார்கள். நான் என் மகளிடமிருந்து தள்ளி இருக்கப் போனேன். போன கார்த்திகையில் என் தைராய்டு கன்னாபின்னாவென்று சுரந்ததால் டாக்டர் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார். விழுங்கினால் வேலை முடிந்தது. ஆனால் பதினைந்து நாள் குழந்தையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. மகளுக்கு இரண்டரை வயது. கள்ளக்குறிச்சியில் எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு.

முதல் மூன்று நாள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அவள் தட்டித் தட்டி அழுதாள். என் கணவருக்கு வேறு வழி தெரியவில்லை. அடுப்பைக் காட்டிச் சொல்வதுபோல, "கிட்ட போவாத கண்ணு, அம்மா சுடும்" என்றார். அழுகை நின்றது. தட்டுவதும் நின்றது. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்.

பஸ் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தை வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? கச்சிராயபாளையத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கோமுகி அணை தாண்டியதும் மலையேற்றம். தூறலும் மூடுபனியுமாக இருந்தது, வளைவுகளில் ஹாரன் அடித்தபடியே ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது.

கரியாலூரில் தனி ஓட்டு வீடு, தனிக் கழிப்பறை, சாப்பாட்டோடு நாளுக்கு அறுநூறு. சமைத்துத் தந்தவர் பக்கத்து வீட்டு செல்வி அக்கா. தட்டோடு நேராக உள்ளே வரப் பார்த்தார். "அக்கா, அங்கேயே வெச்சிடுங்க!" என்று அலறினேன்.

"இன்னாம்மா, வூட்டுக்குத் தூரமா?" என்றார். மாதவிலக்கு என்று நினைத்துவிட்டார்.

பத்து வருஷமாகப் பிளஸ் ஒன்னுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். வாய் சும்மா இருக்குமா? "இல்லக்கா, மருந்து. உப்பு பாக்கெட்ல அயோடின்னு போட்டிருக்கும் பாருங்க, அதேதான் நான் முழுங்கினது. பக்கத்துல வந்தா கதிர் படும்" என்றேன். பெரிய மேதாவி!

அன்று மதியம் குழம்பில் உப்பில்லை. இரவும் இல்லை. மறுநாள் காலை கேட்டேன். "அந்தப் பாக்கெட்டத் தூக்கி எறிஞ்சிட்டேம்மா. என் மருமவ முழுவாம இருக்கா. வூட்ல அத வெச்சிக்கினு எப்டிம்மா?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்று மறுபடி சொன்னேன். "அக்கா, அணுவுக்குள்ள புரோட்டான்னு ஒண்ணு இருக்கு. அது அம்பத்து மூணு இருந்தா அயோடின். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் அது வேற பொருள். உப்புலயும் அம்பத்து மூணுதான், என் மருந்துலயும் அம்பத்து மூணுதான். கூடவே நியூட்ரான்னு இன்னொண்ணு இருக்கு. உப்புல அது எழுபத்து நாலு, மருந்துல எழுபத்தெட்டு. அந்த நாலு கூடினதால அது நிலைக்காம கதிர் விடுது."

"அப்போ பேரு ஒண்ணு, கனம் மட்டும் ஜாஸ்தி. எது எதுன்னு எப்டிம்மா கண்டுபுடிக்கிறது?"

"என் கழுத்துக்கே தெரியலக்கா. வழக்கமா வர்ற அயோடின்னு நெனச்சித்தான் உள்ள சேத்துக்கிச்சு. அது உள்ள இருந்துக்கினே சுடுது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. அக்கா புது உப்பு வாங்கிவந்தார். மருமகளை மட்டும் சங்கராபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பெரியார் அருவிக்கு ஒருநாள் போனேன். ஒரே குழந்தைகள் கூட்டம். பாறை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மற்ற நாளெல்லாம் மழை. எட்டு நாளில் பாதி அயோடின் போய்விடும் என்பது கணக்கு. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். ஐம்பத்து நாலு ஆகிவிட்டால் அது அயோடினே இல்லை, செனான் என்ற வாயு. ஒன்று கூடினால் ஆளே வேறு. போர்டில் எழுதி எழுதிச் சலித்த வரிதான். அந்த ஓட்டு வீட்டில் தனியாகப் படுத்திருந்தபோது அது என்னைப் பற்றிய வரியாகத் தோன்றிப் பயமாக இருந்தது.

என்னைப்போல் போக வேண்டியவர்களுக்கு: எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். தங்குமிடத்தில் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனிக் கழிப்பறை கட்டாயம் வேண்டும். மழைக்கோட்டை மறக்காதீர்கள். முக்கியமாக, குழந்தையிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம் என்று கிளம்பும் முன் யோசியுங்கள்.

பதினாறாம் நாள், டாக்டர் சரி என்ற பிறகு, வீடு திரும்பினேன். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். மகள் நாலடி தள்ளி நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மா சுடும்" என்றாள்.

"இப்ப சுடாது கண்ணு, ஆறிப்போச்சு" என்றார் என் கணவர்.

அவள் ஓரடி முன்னால் வந்து, உதட்டைக் குவித்து, பாலை ஆற்றுவதுபோல என்மேல் ஊதினாள். வெகுநேரம் ஊதினாள். இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தொடுகிறாள்.