மருமகள் தொடாத வாளி

நான் என்ன மாத்திரை தின்கிறேன் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? போன மாதம் மாதா கோயில் வாசலில் ஒருத்தி இப்படித்தான் குடைந்தாள். வயசு குறைகிறதுக்கு என்று சொல்லிவைத்தேன். மறுநாளே மருந்துக்கடையில் போய் விலை கேட்டிருக்கிறாள். அடுத்தவள் வயிற்றுக்குள் போகிற மருந்தின் மேல் அப்படி என்ன ஆசை? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். சொல்லும்போது எனக்குக் கூசும்.

தங்கச்சிமடத்தில் மீன் கூடை சுமந்தே இடுப்பு போனவள் என்றுதான் ஊர் என்னை நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் சத்தமாகத் தும்மினேன், விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மகன் மதுரைக்குக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்புக்குள் ஊசியை இறக்கி மஜ்ஜையும் எடுத்தார்கள். மஜ்ஜையில் வருகிற ஒரு வகை ரத்தப் புற்று என்று தெரிந்தது. அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

"மருந்து பல விதமா இருக்கும்மா. வயித்துத் தோலுக்கு அடியில வாராவாரம் போடுற ஊசி ஒண்ணு. வீட்டுலயே முழுங்குற காப்ஸ்யூல் ஒண்ணு. வாரத்துல ஒரு நாள் ஸ்டீராய்டு மாத்திரை. வழக்கமா மூணையும் சேத்துக் குடுப்போம். புதுசா வந்த மருந்துகளும் இருக்கு. ஆனா உங்களுக்குச் சர்க்கரையில பாதம் ஏற்கெனவே மரத்துக் கெடக்கு. அந்த ஊசி நரம்ப இன்னும் கெடுத்துரும். அதனால காப்ஸ்யூலும் ஸ்டீராய்டும் வச்சு ஆரம்பிப்போம். ரத்தம் கட்டாம இருக்க ஒரு சின்ன மாத்திரை, எலும்புக்கு மாசாமாசம் ட்ரிப்."

எனக்குப் பாதி புரிந்தது. மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் அந்த அம்மா கேட்டார்:

"மாதவிலக்கு நின்னு எத்தன வருசம் ஆச்சு? உண்டாகுறதுக்கு வாய்ப்பு ஏதும் இல்லையே?"

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நாற்பதைத் தொடப்போகிற ஆண்பிள்ளை. எனக்கு வெட்கம் வந்தால் வாய்தான் முந்திக்கொள்ளும்.

"ஏன் தாயி, எனக்கு மாப்பிள்ளை ஏதும் பாத்து வச்சிருக்கியளா?"

"சிரிக்கிற விசயமில்லம்மா. இந்தக் காப்ஸ்யூல் வயித்துல இருக்கிற பிள்ளைய ஊனமாக்கிரும், சிலருக்குப் பிள்ளையே தங்காது. அதான் எல்லார்ட்டயும் கேக்கணும். வீட்டுல பிள்ளை பெறுற வயசுல பொம்பளைங்க இருக்காங்களா?"

மகன் தரையைப் பார்த்தான். "என் சம்சாரம் இருக்கு மேடம்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மீதியைச் சொன்னான். "அது இப்ப... ரெண்டு மாசம்."

அன்று காலையில்கூட, கருவாடு பொரித்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய மருமகளைப் பார்த்து, "மகாராணிக்கு மீன் நாத்தம் ஆகலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன். மூன்று பிள்ளை பெற்றவள், எதிரில் நடக்கிறது எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அவங்க அந்தக் காப்ஸ்யூலத் தொடவே கூடாது. நீங்க வாந்தி எடுத்தாலோ வயித்தால போனாலோ, அந்தத் துணியும் அவங்க கையில படக்கூடாது. வேற ஆளு கிளவுஸ் மாட்டிக்கிட்டுத் தனியாத் துவைக்கணும்."

"அப்ப அந்தக் கருமம் எனக்கு வேணாம். ஊசியே போடுங்க. பாதம்தான போகும்? போகட்டும்."

"நீங்க நடக்க முடியாமப் போனா, தூக்கி உக்கார வைக்கப்போறது யாரு? அந்தப் பொண்ணுதான?"

மருந்துச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் விட்டுக்கொடுத்ததை மகன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பான்.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: "யார்ட்டயும் சொல்லிராதம்மா."

"நான் எதுக்குலே சொல்லப்போறேன்?"

"போன ரெண்டு தடவையும் நீதான சொன்ன."

சொன்னேன்தான். சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொன்னேன். ரெண்டு தடவையும் கரு தங்கவில்லை. அதற்கப்புறம் வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது மருமகள்தான். இந்த முறை வயிறு தெரிகிற வரைக்கும் யாருக்கும் சொல்வதில்லை என்று புருஷனும் பொண்டாட்டியும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த "யாருக்கும்" என்பதில் முதல் ஆள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காப்ஸ்யூல் என் வயிற்றைக் கலக்கிவிட்டது. கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிடும். நனைந்ததையெல்லாம் கொல்லையில் ஒரு வாளியில் போட்டு மூடிவைப்பேன். மகன் கடலுக்குப் போகாத நாட்களில் முழங்கை வரைக்கும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு துவைப்பான். சேலை, பாவாடை, எல்லாம். அவன் தலை நிமிராமல் கசக்குவான். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அவன் அப்பாவிடம்கூட நான் காட்டாத துணிகள். ஸ்டீராய்டு தின்கிற நாளில் தூக்கமும் வராது; அந்தக் கசக்கல் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் கொல்லைக்கும் பக்கத்து வீட்டு மதினியின் கொல்லைக்கும் நடுவில் ஓலை வேலிதான். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஓலைக்குத் தெரியாவிட்டாலும் மதினிக்குத் தெரியும். ஒரு வாரத்தில் தெருவுக்கே சேதி போய்விட்டது. மாமியாருக்குச் சீக்கு, மருமகள் துணியைத் தொடமாட்டேன் என்கிறாள், ஆண்பிள்ளை பாவாடை துவைக்கிறான். மருமகள் காதிலும் விழுந்தது. எனக்குத் தனித் தட்டில் சோறு போட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு நாள் மகனின் படகு கடலில் இருந்தது. வெயிலில் வாளி நாறியது. மதினி, கூட இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, ஒங்க மாமியா துணி அங்கன கெடந்து அழுகுதுல? ஒன்னப் பெத்தவளா இருந்தா இப்பிடி விட்டுருப்பியா?"

"அவுக வந்து துவைப்பாக பெரியம்மா."

"அவுக வருவாகளாம்! கடல்ல கெடந்து நொந்து வாரவன் வந்து பாவாடை கசக்கணும். நீ கை நோகாம இரு. இப்பிடி இருந்தா வயித்துல எப்பிடிப் புழு பூச்சி தங்கும்?"

நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். மருமகள் வாளிக்குப் போனதும் தெரிந்தது, மூடியைத் திறந்த சத்தமும் கேட்டது. அவள் வெறும் கை. எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மரத்த பாதம் வாசல்படியில் இடறியது. விழாமல் போய் வாளியைக் காலால் தள்ளிவிட்டேன். தண்ணீரும் துணியும் என் பக்கமாய் மண்ணில் கொட்டின. என் பாவாடை மூன்று பெண்களின் கண் முன்னால் விரிந்து கிடந்தது.

"தொடாத! தொட்டின்னா கையை ஒடிப்பேன்!"

மருமகள் பின்னால் நகர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. உண்மையைச் சொன்னால் இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் என்னுடையது இல்லை.

"என்ன மதினி பாக்குறிய? நாந்தேன் தொடக்கூடாதுன்னு சொன்னேன். மாதாவுக்கு நேர்ச்சை. எம் மகனுக்கு நான் பீத்துணி துவைச்சேன்ல? இப்ப அவன் கையால எனக்குத் துவைக்கணும், அப்பத்தேன் சீக்கு அடங்கும்னு நேர்ந்திருக்கேன். நடுவுல மருமக வந்து புண்ணியத்துல பங்கு கேக்கக் கூடாது."

மதினி சிலுவை போட்டுக்கொண்டாள். நேர்ச்சை என்றால் எங்கள் தெருவில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். ஆனால் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. "பெத்த மகனப் பாவாடை துவைக்க வைக்கிறதுக்கும் ஒரு நேர்ச்சையா? நல்ல ஆத்தா!" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இதுவரைக்கும் என் துணி மட்டும்தான் நாறியது, அன்றிலிருந்து நானும் நாறினேன். கோயிலில் என் பெஞ்சில் யாரும் நெருங்கி உட்காரவில்லை. மகனுக்கு என்னவோ தெருவில் மரியாதை கூடிப்போனது.

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போனேன். மாதா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, பீடத்துத் துணியைப் பார்த்துத்தான் பேசினேன்.

பெண் பிள்ளை பிறந்தது. கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது, குரல் என்னுடையது. பிள்ளை பார்க்க வந்த மதினி, மாதத்தை எண்ணி, வாளி கொட்டிய அன்றைக்கே மருமகள் உண்டாகியிருந்தாள் என்று கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப அந்த நேர்ச்சை பொய்யா மதினி? மாதா பேரச் சொல்லிப் பொய் சொன்னியளா?"

கூட வந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"காலையில சொன்னப்ப பொய்தேன்" என்றேன். "சாயங்காலம் போயி நெசமாவே நேர்ந்துட்டேன். மாதாவ எதுக்குப் பொய்க்காரி ஆக்கணும்? வேணும்னா கொல்லையில போயி எட்டிப் பாருங்க, இப்பவும் அவன்தேன் துவைச்சிக்கிட்டு இருக்கான்."