ஒன்பது பேருக்கு ஒரு நாவல்

வாசகர் வட்டத்துக்கு நாவல் தேர்ந்தெடுப்பது, ஒன்பது பேர் காலுக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குகிற வேலை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வட்டம் இருந்து, 'அடுத்த மாசத்துக்கு நீங்களே ஒண்ணு சொல்லிருங்க' என்று அதை உங்கள் தலையில் கட்டியிருந்தால், நான் படுகிற பாடு சொல்லாமலே புரியும்.

நான் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்று சொல்கிற பகுதியில், ஒரு சின்ன நூலகத்தின் நூலகர். அடிவாரத்துக்காரி. காலையில் பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் பஸ்ஸில் இறங்குகிறவள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மூன்று மணிக்கு வட்டம் கூடும். பக்கத்து நூலகங்களில் கெஞ்சி நாலைந்து பிரதி வாங்கி வைப்பேன். கைமாற்றிப் படித்துக்கொள்வார்கள்.

எத்தனாவது பக்கம்?

முதல் மாதமே நம் தரத்தைக் காட்டிவிட வேண்டும் என்று எழுநூறு பக்க நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பரிசு வாங்கியது. தலைக்கு வைத்துப் படுக்கவும் ஆகும். கூட்டம் தொடங்கியதும், "ஆழமா எழுதியிருக்காருங்க" என்றார் ஒருவர். "நடை நல்லா இருக்குதுங்க" என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். உண்மையில் நானே இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் படுத்துவிட்டிருந்தேன். யாராவது முடிவைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று பின்னட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் மல்லிகாதான் தைரியசாலி. "எனக்குப் பொய் வராதுங்க. நான் நாப்பதாம் பக்கத்துல நிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். ஒருவர் எழுபது என்றார், ஒருவர் பன்னிரண்டு என்றார், ஒருவர் முன்னுரையைத் தாண்டவில்லை. நானும் என் பக்க எண்ணைச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வராத நாள் மாதிரி எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. பஸ் கண்டக்டர் செல்வராஜ் மட்டும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அப்போ கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்கூட இல்லீங்களா?"

நிலாவும் புல்லாங்குழலும்

அடுத்தது மெலிந்த புத்தகமாகப் பார்த்தேன். மலையில் வாழ்கிறவர்களைப் பற்றிய நாவல். தங்களைப் பற்றியே படித்தால் இவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கீழேயிருந்து வந்தவள் புத்தி எப்படிப் போகும், பாருங்கள்! நாவலில் எல்லாரும் தேன் குடித்தார்கள், நிலாவைப் பார்த்தார்கள், புல்லாங்குழல் ஊதினார்கள். கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இவர்களை அவமானப்படுத்திவிட்டேன், வட்டம் இன்றோடு கலைந்தது என்றே நினைத்தேன்.

மிளகும் பலாவும் வைத்திருக்கிற ராசம்மாள் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், இந்த நாவல்ல ஏழு தடவை நிலா வருது. ஒரு தடவைகூட ரேஷன் கார்டு வரலைங்க." யாரோ சிரித்தார்கள். பிறகு, நாவலில் என்னென்ன இல்லை என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மிக்சி இல்லை, செல்போன் டவர் இல்லை, கூட்டுறவு சங்கம் இல்லை, மாமியார்கூட இல்லை. ஐந்து மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஐந்தே முக்காலுக்குத்தான் முடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து போகும்போது ராசம்மாள் சொன்னார்: "எழுதினவரை ஒரு வாரம் எங்க ஊட்டுல வந்து தங்கச் சொல்லுங்க. மிளகுக் கொடிக்கு ஏணி வெச்சுத் தாரேன், ஏறிப் பாக்கட்டும்."

பலாப்பால்

துப்பறியும் நாவல் என்றால் யாருக்கும் மனம் புண்படாது என்று அதற்குப் போனேன். கொலைகாரர் டாக்டர்தான் என்று ராசம்மாள் அடித்துப் பேசினார். காரணம் காரணமாக எடுத்து வைத்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் படித்த பிரதிகளில் கொலை செய்தவன் தம்பி. ராசம்மாளின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். பலாப்பழம் உரித்த கையோடு படித்திருக்கிறார். கொலைகாரன் பிடிபடுகிற நாலு பக்கமும் பால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

மல்லிகா தேங்காய் எண்ணெய் தடவிப் பக்கங்களைக் கிழியாமல் பிரித்துக் கொடுத்தார். நாங்கள் எட்டுப் பேரும் காத்திருக்க, ராசம்மாள் அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கத்தையும் படித்தார். அவர் முகம் வாடிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "தம்பின்னு எழுதியிருக்குதுங்க. இருந்தாலும் எனக்கு டாக்டர் மேலதான் சந்தேகம்."

பெரியண்ணன் வராத ஞாயிறு

பெரியண்ணன் குச்சிக்கிழங்கு விவசாயி; மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். எங்கள் ஒன்பதில் கடைசியாக வந்து சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டார், வேகமாகப் படிப்பார். அதனால் நாலாவது நாவலின் முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்தேன். அப்பாவின் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண், வருஷங்கள் கழித்து வீடு தேடி வருகிறாள். அப்பா படமாகச் சுவரில் தொங்குகிறார். இதுதான் கதை. நான் பஸ்ஸில் படித்து அழுதது. மறுநாள் மல்லிகாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவருகிட்டயா குடுத்தீங்க? அவரு மக தானா ஒரு பையனைக் கட்டிக்கிட்டு திருப்பூர் போயி மூணு வருசம் ஆச்சுங்க. அந்தப் பேரையே ஊட்டுல எடுக்கக் கூடாது!"

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கிழங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கட்டையில் புத்தகம் இருந்தது, பாதியில் ஒரு காப்பி இலை செருகியிருந்தது. "அண்ணா, அந்தப் பிரதியைத் திருப்பிக் கேக்கறாங்க. வேற ஒண்ணு தரட்டுங்களா?" என்று பொய் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னும் முடியலீங்க" என்றார். கோபமா, துக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது ஞாயிறு அவர் வரவில்லை. எட்டுப் பேரும் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுக் கலைந்தோம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பை தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். யார் வீட்டு நெருப்பையோ கிளறிவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஊறுகாய் போடுவது எப்படி என்கிற புத்தகம்தான் கொடுப்பது என்றுகூட முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, நூலகத்தைத் திறந்து கொஞ்ச நேரத்தில் பெரியண்ணன் வந்து நின்றார். கையில் புத்தகம் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "திருப்பூர் போயிருந்தமுங்க" என்றார். "பேத்தி பொறந்திருக்குதுங்க. நடக்குது." ஒன்றரை வயசுப் பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டினார். காட்டிய கையை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. அவர் வெற்றுக் கைகளைப் பார்த்துவிட்டு, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார்: "அந்தப் புஸ்தகத்தைத் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிறாதீங்க மேடம். எம்புள்ள பாதிதான் படிச்சிருக்குது. முடிச்சுப்போட்டு அதுவே மேல வந்து குடுக்குமுங்க."

நாவலைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதைச் சரியாகவோ தப்பாகவோ படிப்பது அவரவர் பாடு என்று தெரிந்துகொண்டதால், இப்போதெல்லாம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மத்தியானச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டே மலையேறுகிறேன்.