வீட்டு வரி எங்கே போகிறது?

போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அதற்குச் சற்று முன், ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில் செயலராக இருந்தபோது, சித்திரை வெயிலில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. மேல்நிலைத் தொட்டி காய்ந்தது. கிழக்குத் தெருப் பெண்கள் குடத்தோடு தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள். மோட்டாரை வெளியே எடுத்து, எரிந்த கம்பிச் சுருளை மாற்றிப் புதுக் காயில் கட்டப் பணம் வேண்டும்.

ஊராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வரும். டெல்லியிலிருந்து மத்திய நிதிக்குழு மானியம், சென்னையிலிருந்து மாநில நிதிக்குழு மானியம், மூன்றாவது உள்ளூர் வீட்டு வரி. டெல்லித் தவணை இன்னும் வந்து சேரவில்லை. மாநில மானியத்தில் இருந்தது கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும்தான் காணும். ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.விடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அதுல கை வச்சீங்கன்னா ஈபி-காரன் பீஸப் பிடுங்கிருவான். அப்புறம் மோட்டார் மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? ஊர்ல வரியப் பிரிங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஈபியில் வரி ரசீது கேட்டால்தான் வீட்டு வரி கட்டுவார்கள். கனெக்‌ஷன் கிடைத்ததும் வரி நின்றுவிடும். மற்ற நாளில் என் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துவார்கள்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த ஆரோக்கியமேரி வீட்டுக்கு முதலில் போனேன். காலிக் குடத்தை வாசலில் ணங்கென்று வைத்தார்.

"தண்ணி தர வக்கில்ல, வரிக்கு மட்டும் வந்துட்டீகளா? நாங்க கட்டுறத டெல்லிக்காரன் தூக்கிட்டுப் போகவா?"

"வீட்டு வரி ஊரைத் தாண்டாதும்மா. நம்ம ஊராட்சிக் கணக்குலயேதான் நிக்கும். மோட்டாருக்கு அதைத்தான் எடுக்கணும்."

"நெசமாவா? அப்ப இம்புட்டு வருசமா இத ஏன் சார் சொல்லல?"

இது எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அவர் பூ விற்ற பணத்தை எடுத்துவந்து கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு என்னோடேயே கிளம்பிவிட்டார்.

"ஏலே அந்தோணி, கதவத் தெற. இந்த வரி டெல்லிக்குப் போகலயாம், நம்ம மோட்டாருக்குத்தானாம்!"

தெரு முழுக்க அவர் குரல்தான். ரசீது போட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரமே காயில் கட்டிய மோட்டார் போர்வெல்லில் இறங்கியது. முதலில் வந்த செந்தண்ணீரைக்கூட யாரும் கீழே விடவில்லை.

டெல்லி, சென்னை, ஊராட்சி என்று நிதிப் பகிர்வைப் பயிற்சி வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். அதை ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்பது ஆரோக்கியமேரி கேட்ட பிறகுதான் உறைத்தது. அவருக்கு நான் என்றும் நன்றியுள்ளவன். புதிதாக வரும் செயலர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரி கேட்டு ஒரு வாசலில் நின்றால், தொகையைச் சொல்லும் முன் அது எங்கே போகும் என்று சொல்லுங்கள். கதவு திறக்கும்.